நரம்பணுவும் அழற்சிச் செய்தியும்: எவ்வளவு, எப்போது?

(வடக்குப்பட்டில் பொதுமக்களுக்காக ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஜி.ஐ. ஷீட்டில் வெல்டிங் வைத்தவர்கள் இந்தக் கூட்டத்தில் பல பேர் இருப்பீர்கள். துத்தநாகம் பூசிய தகடு. காற்றோட்டம் இல்லாத கொட்டகையில் அரை நாள் அந்த வேலை பார்த்தால் சாயங்காலம் நாக்கில் இரும்பை நக்கியது போல ஒரு ருசி வரும், தொண்டை வறளும். ராத்திரி குளிரெடுக்கும், காய்ச்சல் அடிக்கும், உடம்பெல்லாம் அடித்துப் போட்டாற்போல வலிக்கும். ஒன்றிரண்டு நாளில் தானாக விட்டுப்போகும். மலேரியாவோ டெங்குவோ என்று பயந்து ரத்தம் சோதித்தால் ஒரு கிருமியும் அகப்படாது. இதற்கு உலோகப் புகைக் காய்ச்சல் என்று பெயர். திங்கள்கிழமைக் காய்ச்சல் என்றும் சொல்வார்கள். வாரம் முழுக்கப் புகையில் நிற்பவருக்கு நாளாக நாளாகக் காய்ச்சல் குறைந்துவிடும். ஞாயிறு வீட்டில் இருந்துவிட்டுத் திங்கள் வேலைக்கு வந்தால் மறுபடி பிடித்துக்கொள்ளும்.

கிருமியே இல்லாமல் காய்ச்சல் எங்கிருந்து வந்தது? 1990களின் தொடக்கத்தில் கலிபோர்னியாவில் சில மருத்துவர்கள் இதை நேரடியாகத் தேடினார்கள். துத்தநாகத் தகட்டில் வெல்டிங் செய்யச் சொல்லிவிட்டு, செய்தவர்களின் நுரையீரலை உப்பு நீரால் அலசி எடுத்துப் பார்த்தார்கள். அந்த நீரில் முதலில் டி.என்.எஃப். என்ற புரதம் ஏறியிருந்தது. பிறகு இன்டர்லூக்கின்-6, இன்டர்லூக்கின்-8 என்ற வேறு இரண்டும் ஏறின. புகை போய் நேராகக் காய்ச்சலை உண்டாக்கவில்லை. புகையைக் கண்ட நுரையீரல் அணுக்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பிக்கொண்டன; காய்ச்சல் அந்தச் செய்தியால் வந்தது.

இப்படிச் செய்தி கொண்டு செல்லும் புரதங்களுக்குச் சைட்டோகைன் என்று பெயர். நோய் எதிர்ப்பு அணுக்கள் இவற்றைச் சுரக்கின்றன. வேறு அணுக்கள் தம் மேற்பரப்பில் உள்ள ஏற்பிகளால் பிடித்துக்கொண்டு அதற்கேற்ப நடந்துகொள்கின்றன. மூளைக்குள்ளும் இது நடக்கிறது. மூளைக்கென்று காவலணுக்கள் உண்டு. மைக்ரோகிளியா என்று அவற்றுக்குப் பெயர் வைத்தவர் ஸ்பெயின் நாட்டு பியோ தெல் ரியோ ஒர்த்தேகா, ஆண்டு 1919. அவையும் டி.என்.எஃப். சுரக்கின்றன. அந்தச் செய்தி நரம்பணுவுக்குப் போய்ச் சேர்ந்தால் நரம்பணு என்ன ஆகும் என்பதுதான் இன்றைய பேச்சு. அது சாகும் என்றுதான் பல காலம் நினைத்தார்கள். சில வேளைகளில் அது பிழைக்கிறது, அந்தச் செய்தி வந்ததாலேயே பிழைக்கிறது என்பதை உங்களுக்கு எடுத்துச்சொல்ல வந்திருக்கிறேன்.

முதலில் நரம்பணுவின் கஷ்டத்தைப் புரிந்துகொள்வோம். நம் மூளை உடல் எடையில் நூற்றுக்கு 2 பங்குதான். ஆனால் நாம் இழுக்கும் ஆக்சிஜனில் ஏறக்குறைய 20 பங்கை அதுவே செலவழிக்கிறது. அணுவுக்குள் மைட்டோகாண்ட்ரியா என்ற உறுப்பு ஆக்சிஜனைக் கொண்டு சக்தி தயாரிக்கிறது. தயாரிக்கும்போது கொஞ்சம் ஆக்சிஜன் பாதி வேலையில் நழுவி, சூப்பராக்சைடு என்ற வெறிபிடித்த வடிவத்தில் வெளியே வருகிறது. அது கொழுப்பைத் தாக்கும், புரதத்தைத் தாக்கும், மரபணு இழையைத் தாக்கும். ஆக்சிஜனேற்றச் சேதம் என்று நாங்கள் சொல்வது இதைத்தான். தோலணு சேதமானால் வேறொன்று முளைக்கும். நரம்பணு பெரும்பாலும் நாம் பிறந்தபோது இருந்த அதேதான். எழுபது, எண்பது வருஷம் அது தாக்குப்பிடிக்க வேண்டும். போதாக்குறைக்கு அதன் இழை மிக நீளம். முதுகுத்தண்டிலிருந்து கால் கட்டைவிரல் வரை ஒரே அணுவின் இழை ஒரு மீட்டர் அளவுக்கு ஓடுகிறது. அத்தனை நீளத்துக்கும் மைட்டோகாண்ட்ரியா வேண்டும்; அத்தனை இடத்திலும் கசிவு உண்டு.

கசிவை அடக்க அணுவே ஒரு நொதி வைத்திருக்கிறது. சூப்பராக்சைடு டிஸ்மியூட்டேஸ். 1969இல் அமெரிக்காவில் ஜோ மெக்கார்டும் இர்வின் ஃப்ரிடோவிச்சும் இதன் வேலையைக் கண்டுபிடித்தார்கள். மைட்டோகாண்ட்ரியாவுக்குள் இருக்கும் வகையின் நடுவில் மாங்கனீசு என்ற உலோகம் உட்கார்ந்திருக்கிறது. இந்த ஒரு நொதி இல்லாமல் பிறக்க வைத்த எலிக்குஞ்சுகள் சில வாரங்களுக்கு மேல் உயிரோடு இருக்கவில்லை. மாங்கனீசு என்ற பெயரை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வெல்டிங் தம்பிகளுக்கு அதைப் பற்றி இன்னொரு சேதி இருக்கிறது.

இப்போது டி.என்.எஃப். கதைக்கு வருகிறேன். 1975இல் நியூயார்க்கில் லாயிட் ஓல்டின் குழு, எலியின் புற்றுக்கட்டியைக் கருகவைக்கும் ஒரு பொருளை ரத்தத்தில் கண்டது. கட்டியைக் கருகவைக்கும் காரணி என்ற பொருளில்தான் டி.என்.எஃப். என்ற பெயர் வந்தது. அடுத்த பத்துப் பதினைந்து வருஷத்தில் அதற்குக் கெட்ட பெயரும் வந்துவிட்டது. கிருமி ரத்தத்தில் பரவி ரத்த அழுத்தம் சரிவதில் அதன் கை இருந்தது. முடக்குவாதத்தில் மூட்டு வீங்குவதிலும் அதன் கை இருந்தது. மூளையில் பக்கவாதம் வந்தாலும் அடிபட்டாலும் டி.என்.எஃப். ஏறுகிறது என்று தெரிந்ததும், நரம்பைக் கொல்வது அதுதான் என்று எல்லோரும் முடிவு கட்டினார்கள்.

சந்தேகத்தைக் கிளப்பிய முதல் ஆய்வுகளில் ஒன்று 1988இல் வந்தது. டி.என்.எஃப். பட்ட அணுக்கள், நான் சொன்ன அந்த மாங்கனீசு நொதியை அதிகமாகச் செய்துகொள்கின்றன என்று வோங், கெடெல் என்ற இருவர் காட்டினார்கள். கொல்ல வந்த பொருள் எதற்காகக் காப்பு நொதியைக் கூட்ட வேண்டும்? கென்டக்கி பல்கலைக்கழகத்தில் மார்க் மாட்சனின் ஆய்வுக்கூடம் இந்தக் கேள்வியை நரம்பணுவிடம் கொண்டுபோனது. எலி மூளையின் ஹிப்போகாம்பஸ் பகுதியிலிருந்து நரம்பணுக்களை எடுத்துத் தட்டில் வளர்த்தார்கள். சிலவற்றுக்கு முன்கூட்டியே டி.என்.எஃப். கொடுத்தார்கள், சிலவற்றுக்குக் கொடுக்கவில்லை. பிறகு அல்சைமர் நோயில் மூளையில் படியும் அமிலாய்டு பீட்டா என்ற புரதத் துண்டை இரண்டின் மேலும் ஊற்றினார்கள். முன்கூட்டியே செய்தி பெற்ற நரம்பணுக்கள் அதிகம் பிழைத்தன. அவற்றுக்குள் பெராக்சைடு குறைவாகவே சேர்ந்தது; கால்சியமும் கட்டுக்குள் இருந்தது. இது 1995இல் வெளிவந்தது.

தட்டில் நடப்பதெல்லாம் உடம்பில் நடக்குமா என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். மறு வருஷமே அதே கூடத்திலிருந்து பதில் வந்தது. டி.என்.எஃப். செய்தியைப் பிடிக்கும் ஏற்பிகள் இரண்டுமே இல்லாத எலிகளை எடுத்துக்கொண்டார்கள். செய்தி எவ்வளவு வந்தாலும் அவற்றின் காதில் விழாது. டி.என்.எஃப். கொலைகாரனாக இருந்தால் இந்த எலிகளின் மூளை தப்பியிருக்க வேண்டும். நடந்தது நேர்மாறு. ரத்தக் குழாயை அடைத்தபோதும் வலிப்பு வரவைத்தபோதும் இவற்றின் நரம்பணுக்கள் சாதாரண எலிகளைவிட அதிகமாகச் செத்தன. ஆக்சிஜனேற்றச் சேதம் கூடியிருந்தது, காப்பு நொதி குறைந்திருந்தது. 1996இல் நேச்சர் மெடிசின் இதழில் வந்த இந்தக் கட்டுரையை நான் மாணவர்களுக்கு எப்போதும் கொடுப்பேன். ஒரு பொருளைப் பற்றி உலகம் கட்டிய முடிவைச் சரிபார்க்க, அந்தப் பொருளின் செய்தியையே துண்டித்துப் பார்க்கும் துணிச்சல் அதில் இருக்கிறது.

உள்ளே என்ன நடக்கிறது? செய்தி ஏற்பியில் பட்டதும் அணுவுக்குள் என்.எஃப். கப்பா பி என்ற புரதம் விழித்துக்கொள்கிறது. 1986இல் ரஞ்சன் சென்னும் டேவிட் பால்டிமோரும் கண்டுபிடித்தது இது. அது அணுவின் கருவுக்குள் போய் மரபணுக்களைத் தட்டி எழுப்புகிறது. எழுப்பப்படுபவற்றில் மாங்கனீசு நொதிக்கான மரபணுவும் ஒன்று. நொதி தயாராகச் சில மணி நேரம் பிடிக்கும். அதனால்தான் முன்கூட்டியே கிடைத்த செய்தி காக்கிறது. வெள்ளம் கழுத்துக்கு வந்தபிறகு கிடைத்தால் அந்த அளவுக்குப் பயன்படுவதில்லை.

உங்கள் ஆலைகளில் ஃபயர் டிரில் நடத்துவார்கள் இல்லையா? சைரன் அடிக்கும், எல்லோரும் அசெம்பிளி பாயின்ட்டில் வந்து நிற்பீர்கள், தலை எண்ணுவார்கள், காலாவதியான தீயணைப்பு சிலிண்டர் இருந்தால் அன்றைக்குத்தான் கண்ணில் படும். பதினைந்து நிமிஷம் வேலை கெடும், ஆனால் அடுத்த மாதம் நிஜமாகவே தீப்பிடித்தால் லைன் தப்பிக்கும். அதே சைரன் நாள் முழுக்க, வாரம் முழுக்க நிற்காமல் அடித்தால்? உற்பத்தி நின்றுபோகும், தீயே இல்லாமல் ஆலை படுத்துவிடும். குறைந்த அளவில், குறுகிய நேரம் வந்த டி.என்.எஃப். நரம்பணுவுக்கு அந்த டிரில். நிற்காமல் வருவது அந்த நிற்காத சைரன்.

இன்னொரு விஷயமும் உண்டு. டி.என்.எஃப்.புக்கு ஏற்பிகள் இரண்டு. முதலாவது ஏற்பி அணுவைச் சாகச் சொல்லும் பாதையையும் திறக்கக்கூடியது. இரண்டாவது பெரும்பாலும் பிழைக்கச் சொல்கிறது. 2002இல் எலியின் விழித்திரையில் ரத்த ஓட்டத்தைத் தடுத்துப் பார்த்தபோது, முதல் ஏற்பி இல்லாதவற்றில் சேதம் குறைந்தது, இரண்டாம் ஏற்பி இல்லாதவற்றில் சேதம் கூடியது. ஒரே செய்தி, வாங்கும் காது வேறு. ஆகவே டி.என்.எஃப். நல்லதா கெட்டதா என்று யாராவது கேட்டால், எவ்வளவு, எப்போது, எந்த ஏற்பி வழியாக என்று நாம் திருப்பிக் கேட்க வேண்டும்.

மனிதர்களிடம் இதைப் புரியவைத்த வருஷங்கள் 1998, 1999. தொழுநோய்க்காரர்களுக்குச் சில சமயம் உடம்பெல்லாம் வலிக்கும் சிவந்த கட்டிகளும் காய்ச்சலும் நரம்பு வீக்கமும் வரும். அந்த எதிர்வினைக்குத் தாலிடோமைடு மாத்திரை பலன் தருவதை ஜெருசலேமில் ஜேக்கப் ஷெஸ்கின் 1960களிலேயே பார்த்திருந்தார். கருவிலிருந்த குழந்தைகளைக் கைகால் இல்லாமல் பிறக்கவைத்த அதே தாலிடோமைடுதான். கர்ப்பிணிகள் பக்கமே அது போகக்கூடாது. அது டி.என்.எஃப். சுரப்பைக் குறைக்கிறது என்று 1991இல் கில்லா கப்லானின் குழு கண்டது. 1998இல் அமெரிக்க அரசு இந்த நோய்க்கு அதை அனுமதித்தது. டி.என்.எஃப்.பை அடக்கியது அங்கே நன்மை. மறு வருஷம், மல்டிபிள் ஸ்க்ளீரோசிஸ் என்ற நரம்புறை நோய் உள்ள 168 பேரிடம் லெனர்செப்ட் என்ற டி.என்.எஃப். தடுப்பு மருந்தைச் சோதித்த முடிவு வெளிவந்தது. மருந்து வாங்கியவர்களுக்கு நோய் அதிக முறை தலைதூக்கியது, சீக்கிரமாகவும் தலைதூக்கியது. அங்கே டி.என்.எஃப்.பை அடக்கியது தீமை. இன்று முடக்குவாதத்துக்கு டி.என்.எஃப். தடுப்பு ஊசி போடுமுன் இரண்டு விஷயங்களைக் கவனிக்கிறார்கள். உள்ளே காசநோய் ஒளிந்திருக்கிறதா என்று சோதிக்கிறார்கள். நரம்புறை நோய் உள்ளவர்களுக்கு இந்த ஊசியைத் தவிர்க்கிறார்கள். உங்கள் வீட்டில் யாருக்காவது அந்த ஊசி ஓடிக்கொண்டிருந்தால், புதிதாகக் கால் மரத்துப்போவதையோ பார்வை மங்குவதையோ மருத்துவரிடம் சொல்லாமல் இருந்துவிடாதீர்கள்.

தொழுநோய் என்றதும் சிலர் முகம் சுளிப்பதைப் பார்க்கிறேன். வேண்டாம். இங்கிருந்து சிங்கப்பெருமாள்கோயில் வழியாகப் போனால் செங்கல்பட்டு. அதை ஒட்டித் திருமணி. மத்திய அரசின் தொழுநோய்ப் பயிற்சி, ஆராய்ச்சி நிலையம் 1955 முதல் அங்கே இருக்கிறது. அதற்கு முன்பு அது லேடி வில்லிங்டன் மருத்துவமனை. அங்கே இருந்த ராபர்ட் காக்ரேன் 1940களில் டாப்சோன் மருந்தை நோயாளிகளுக்கு ஊசியாகப் போட்டுப் பார்த்தவர்களில் முன்னோடி. வேலூரில் பால் பிராண்டு, தொழுநோயாளியின் விரல் அழுகி விழவில்லை, உணர்ச்சி இல்லாததால் சுட்டும் வெட்டியும் தேய்ந்தும் போகிறது என்று காட்டி, மடங்கிப்போன விரல்களை அறுவை சிகிச்சையால் நிமிர்த்தினார். நரம்புச் சேதத்தைப் பற்றி உலகம் கற்ற பாடத்தில் பெரிய பகுதி நம் மண்ணில், நம் ஏழை ஜனங்களின் கைகால்களில் கற்றது. அதை நாம் மறக்கக் கூடாது என்பது என் ஆசை.

அந்தப் பாடத்தில் ஒரு கேள்வி மட்டும் விடை இல்லாமலே இருந்தது. தொழுநோய்க் கிருமி நரம்பை எப்படிக் கெடுக்கிறது? கிருமி நரம்புறையில் போய் ஒட்டிக்கொண்டு தானே உரிக்கிறது என்று ஒரு கட்சி. 2017இல் செல் இதழில் வந்த ஒரு ஆய்வு வேறு காட்சியைக் காட்டியது. செய்தவர்கள் கிரசிடா மேடிகனும் கேம்பிரிட்ஜில் இருக்கும் லலிதா ராமகிருஷ்ணனும் அவர்கள் கூட்டாளிகளும். லலிதா, சிதம்பரத்தில் பிறந்த நோபல் விஞ்ஞானி வெங்கி ராமகிருஷ்ணனின் தங்கை. பரோடாவில் மருத்துவம் படித்தவர்.

அவர்கள் எடுத்துக்கொண்டது வரிக்குதிரை மீனின் குஞ்சு. அது கண்ணாடி மாதிரி ஊடுருவித் தெரியும். உயிரோடு இருக்கும்போதே நுண்ணோக்கியில் நரம்பு இழையும் அதைச் சுற்றிய மயலின் உறையும் மேலே நகரும் காவலணுக்களும் தனித்தனி நிறத்தில் ஒளிரும்படி செய்யலாம். தொழுநோய்க் கிருமியை உள்ளே விட்டார்கள். காவலணுக்கள் கிருமியை விழுங்கின. விழுங்கிய அணுக்கள் நரம்பு வழியே மேலும் கீழும் நகர்ந்தன, காவலணுக்கள் எப்போதும் செய்யும் வேலைதான். ஆனால் அவை தங்கிய இடங்களில் உறை குமிழி குமிழியாக உரிந்து எழும்பியது. காரணத்தைத் தேடியபோது, தொழுநோய்க் கிருமியின் மேல் உள்ள பி.ஜி.எல்.-1 என்ற கொழுப்புப் பொருள் காவலணுவை நைட்ரிக் ஆக்சைடு சுரக்கத் தூண்டுவது தெரிந்தது. அது இழைக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியாவைக் கெடுத்தது. காசநோய்க் கிருமிக்கு உறவான ஒரு மீன் கிருமியை விட்டால் இது நடக்கவில்லை. அதே மீன் கிருமிக்குப் பி.ஜி.எல்.-1 செய்யும் திறனைக் கொடுத்துவிட்டால், அதுவும் நரம்பைக் கெடுத்தது. கிருமியைக் கொல்லச் சுரந்த வாயு, பக்கத்தில் நின்ற நரம்பின் மைட்டோகாண்ட்ரியாவைக் கொன்றது.

இதே லலிதா 2013இல் பிரான்சிஸ்கோ ரோக்காவுடன் சேர்ந்து இன்னொன்று காட்டியிருந்தார். காசநோய்க் குடும்பக் கிருமியை எதிர்க்கக் காவலணுவுக்கு டி.என்.எஃப். வேண்டும். அளவு மீறினால் அதே டி.என்.எஃப். காவலணுவின் மைட்டோகாண்ட்ரியாவிலேயே ஆக்சிஜன் வெறியைக் கிளப்பி அந்த அணுவை வெடித்துச் சாகவைக்கிறது. கிருமி வெளியே பரவுகிறது. கென்டக்கியில் நரம்பணுவின் மைட்டோகாண்ட்ரியாவைக் காத்த அதே செய்தி.

மறுபடி தொழுநோய்க்கு வருகிறேன். உடம்பில் எங்கேயாவது நிறம் மங்கிய, தொட்டால் உணர்ச்சி தெரியாத தேமல் இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். கூட்டு மருந்து இலவசம், நோய் குணமாகும். மருந்து சாப்பிடும்போதோ முடித்த பிறகோ திடீரென்று நரம்பு வலித்தால், விரல் பலவீனமானால், அன்றைக்கே போங்கள். ஸ்டீராய்டு கொடுத்து அழற்சியை அடக்குவார்கள். சில வாரங்கள் தாமதித்தால், போன உணர்ச்சி திரும்பாமல் போகலாம்.

இப்போது மாங்கனீசு. வெல்டிங் கம்பியிலும் ராடிலும் மாங்கனீசு கலந்திருக்கும். இணைப்பு உறுதியாக இருக்க அது வேண்டும். மின்வில் எரியும்போது அது புகையாக வருகிறது. 1837இலேயே ஸ்காட்லாந்தில் ஜான் கூப்பர் என்ற மருத்துவர், மாங்கனீசுக் கனிமத்தை அரைத்த தொழிலாளிகளுக்குக் கால் தள்ளாடுவதையும் பேச்சு குழறுவதையும் பார்த்து எழுதி வைத்தார். நரம்பணுவைக் காக்கும் நொதிக்குத் தேவையான உலோகம், அளவு மீறி மூளைக்குள் போனால் நடையைக் கட்டுப்படுத்தும் பகுதியில் படிகிறது. மைட்டோகாண்ட்ரியாவில் ஆக்சிஜனேற்றச் சேதத்தைக் கூட்டுகிறது. ஆய்வகத்தில் மைக்ரோகிளியாவை உசுப்பி டி.என்.எஃப். சுரக்கவும் வைக்கிறது. பெரிய ஆலைகளில் ரோபோ வெல்டிங் வந்துவிட்டது. கையால் வெல்டிங் வைக்கும் தம்பி இன்னும் சின்னப் பட்டறைகளில், குனிந்து, முகத்துக்கு நேரே புகை வரத்தான் நிற்கிறார்.

பால் குடித்தால் புகை இறங்கிவிடும் என்று ஒரு நம்பிக்கை நம் பட்டறைகளில் உண்டு. பால் நல்ல உணவு. ஆனால் அது போகும் குழாய் வேறு, புகை போகும் குழாய் வேறு. நுரையீரலில் இறங்கியதைப் பால் தொடாது. புகை மூக்குக்கு வருமுன் உறிஞ்சும் குழாய் வேண்டும், அது வேலை செய்ய வேண்டும், அதற்கு மேல் சரியான மாஸ்க் வேண்டும். துணி மாஸ்க் போதாது. இதைக் கேட்டு வாங்குங்கள். சம்பள உயர்வு கேட்பது போலவே கேளுங்கள். திங்கள்கிழமைக் காய்ச்சல் நின்றுவிட்டால் உடம்பு பழகிவிட்டது என்று நினைக்காதீர்கள். செய்தி வருவதுதான் குறைந்திருக்கிறது, புகை அப்படியே உள்ளே போய்க்கொண்டிருக்கிறது.

ஆக்சிஜனேற்றத்துக்கு எதிர் மாத்திரை சாப்பிட்டால் என்ன என்றும் கேட்பார்கள். பார்கின்சன் நோயின் ஆரம்பத்தில் இருந்த 800 பேரை வைத்து அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்த பெரிய ஆய்வில், அதிக அளவு வைட்டமின் ஈ நோயை மெதுவாக்கவில்லை என்று 1993இல் தெரிந்துவிட்டது. மாத்திரை ரத்தத்தில் மிதக்கும். நொதி மைட்டோகாண்ட்ரியாவுக்குள், சூப்பராக்சைடு பிறக்கும் இடத்திலேயே இருக்கிறது. கொரோனாவுக்குப் பிறகு கடைகளில் குவிந்திருக்கும் 'இம்யூனிட்டி பூஸ்டர்' டப்பாக்களுக்கும் நான் இப்போது சொன்ன எதற்கும் தொடர்பே இல்லை. அந்தக் காசுக்கு முட்டையும் கீரையும் வாங்குங்கள்.

கடைசியாக, என் மனதுக்கு மிக நெருக்கமான இடத்துக்கு வருகிறேன். பிறந்ததும் அழாத குழந்தை. பிரசவத்தில் மூச்சுத் திணறி, மூளைக்கு ஆக்சிஜன் குறைந்த குழந்தை. மூச்சு திரும்பியதும் எல்லாம் சரியாகிவிட்டது போலத் தெரியும். சில மணி நேரம் அமைதியாக இருக்கும். உள்ளே, திரும்ப வந்த ஆக்சிஜனே சூப்பராக்சைடாக மாறி நரம்பணுக்களைத் தாக்கிக்கொண்டிருக்கும். பிறகு வலிப்பு தொடங்கும். அந்தச் சில மணி நேர இடைவெளியில் ஏதாவது செய்ய முடியுமா?

பணக்கார நாடுகளில் குழந்தையின் உடம்பை 33, 34 டிகிரி அளவுக்கு 72 மணி நேரம் குளிர்விக்கிறார்கள். அங்கே பலன் கிடைத்தது. அதை அப்படியே இங்கே எடுத்துக்கொள்ளலாமா என்று சோதித்த ஆய்வுதான் ஹீலிக்ஸ். சென்னை மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த எழும்பூர் மருத்துவமனைகளும் பெங்களூரு, மும்பை, இலங்கையின் ராகமை, டாக்கா ஆகிய ஊர்களின் மருத்துவமனைகளும் பங்கெடுத்தன. 408 குழந்தைகள். 2021இல் முடிவு வந்தது. குளிர்வித்ததால் இறப்பையும் ஊனத்தையும் சேர்த்துக் கணக்கிட்டபோது பலன் இல்லை. இறப்பு மட்டும் பார்த்தால், குளிர்வித்த பிள்ளைகளில் நூற்றுக்கு 42 பேர், குளிர்விக்காதவர்களில் 31 பேர். நம் குழந்தைகளுக்குக் காயம் பிரசவத்துக்கு வெகு முன்பே தொடங்கியிருக்கலாம் என்பது ஆய்வாளர்கள் சொன்ன விளக்கங்களில் ஒன்று. எழும்பூரில் சோதித்துப் பார்க்காமல் இருந்திருந்தால், நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டே எத்தனை பிள்ளைகளை இழந்திருப்போம்! அந்த ஆய்வுக்குச் சம்மதித்த தாய்மார்களுக்கு இந்த நாடு நன்றி சொல்லியிருக்க வேண்டும்.

குளிர்விப்பது இல்லையென்றால் வேறென்ன? இங்கேதான் இன்னொரு செய்தி மூலக்கூறு வருகிறது. எரித்ரோபொய்ட்டின். டயாலிசிஸ் நோயாளிகளுக்கு ரத்தம் ஊறப் போடும் ஊசி என்றால் பலருக்குத் தெரியும். சிறுநீரகம் சுரக்கும் ஹார்மோன். ஆனால் அதன் ஏற்பி, பல இன்டர்லூக்கின்களின் ஏற்பிகள் சேர்ந்த அதே குடும்பத்தைச் சேர்ந்தது. மூளைக்குள்ளும் அது சுரக்கிறது. 2001இல் அமெரிக்காவில் டிஜிகாய்லியோக்லுவும் ஸ்டூவர்ட் லிப்டனும் நரம்பணுவில் அதன் பாதையைத் தேடிக்கொண்டு போனபோது, போய்ச் சேர்ந்த இடம் என்.எஃப். கப்பா பி. டி.என்.எஃப். தட்டிய அதே கதவை இதுவும் தட்டுகிறது.

சீனாவின் ஜெங்ஜோவில் 167 குழந்தைகளிடம், குளிர்விக்காமல் இந்த மருந்தை மட்டும் சோதித்துப் பார்த்து 2009இல் எழுதினார்கள். இறப்போ, நடுத்தரமான அல்லது கடுமையான ஊனமோ நேர்ந்தது மருந்து பெற்றவர்களில் நூற்றுக்குச் சுமார் 25, பெறாதவர்களில் சுமார் 44. காஷ்மீரில் ஸ்ரீநகரில் 100 குழந்தைகளிடம் நடந்து 2017இல் வந்த ஆய்வில் 40க்கு 70. இரண்டும் நம்பிக்கை தருபவை; இரண்டும் சிறியவை. மறுபக்கத்தையும் சொல்கிறேன். அமெரிக்காவில் குளிர்விப்பதோடு சேர்த்து 500 குழந்தைகளுக்குச் சோதித்தபோது கூடுதல் பலன் இல்லை, 2022இல் வெளிவந்தது. குறைமாதக் குழந்தைகள் 941 பேரிடமும் பலன் இல்லை, 2020. ஜெர்மனியில் பக்கவாதம் வந்த பெரியவர்களுக்குக் கொடுத்தபோது இறப்பு 9இலிருந்து 16 சதவீதத்துக்கு மேல் போனது. அவர்களில் பலருக்கு ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தும் ஓடிக்கொண்டிருந்தது. ஆட்டக்காரர்கள் சிலர் திருட்டுத்தனமாகப் போட்டுக்கொள்வதும் இந்த ஊசியைத்தான். ரத்தம் கெட்டிப்பட்டு உயிருக்கே ஆபத்து.

அதனால்தான் ஹீலிக்ஸ் நடத்திய குழுவினரே, எரித்ரோபொய்ட்டின் மட்டும் தந்தால் நம் குழந்தைகள் பிழைத்து நடமாடுவார்களா என்று பார்க்க எம்பிரேஸ் என்ற ஆய்வை இந்தியா உள்ளிட்ட தெற்காசிய மருத்துவமனைகளில் தொடங்கினார்கள். இப்படிப்பட்ட ஆய்வில் குழந்தையை ஒன்றரை வயது தாண்டியபிறகு கூப்பிட்டு உட்கார வைப்பார்கள். சின்னப் பொருளை இரண்டு விரலால் எடுக்கிறதா, பேர் சொன்னால் திரும்புகிறதா, அம்மாவிடம் நடந்து போகிறதா என்று ஒவ்வொன்றாகக் குறிப்பார்கள். நான் இன்று சொன்ன பெராக்சைடும் நொதியும் ஏற்பியும் எல்லாம் உண்மையில் பயன் தருமா என்பது அங்கேதான் தெரியும்.

உங்கள் வீட்டுப் பிரசவத்தில் இப்படி ஒரு நிலைமை வந்து, மருத்துவர் ஒரு தாளை நீட்டிச் சம்மதம் கேட்கலாம். அந்தப் பதற்றத்தில் படிக்க முடியாது. ஆனால் தமிழில் கேட்கலாம், கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. இந்த மருந்து எதற்கு, எத்தனை மணிக்குள் கொடுக்க வேண்டும், வேண்டாம் என்றால் என் பிள்ளைக்கு வழக்கமான சிகிச்சை குறையாமல் கிடைக்குமா, பிற்பாடு எந்த வயதுவரை நீங்கள் பார்ப்பீர்கள்? இந்த நாலுக்கும் பொறுமையாகப் பதில் சொல்ல வேண்டியது அவர் கடமை. அதற்கும் முன்னால், பிரசவம் மூச்சு ஊட்டும் பையும் அதைப் பிடிக்கத் தெரிந்த செவிலியரும் இருக்கும் இடத்தில் நடக்கட்டும். அழாத குழந்தைக்கு முதல் ஒரு நிமிஷத்தில் ஊட்டும் மூச்சுக்கு ஈடான மருந்து எந்த ஆய்வகத்திலும் இல்லை. வலி எடுத்ததும் 108க்குப் போன் போடுங்கள், ஷிப்ட் வேன் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

இனி உங்கள் கேள்விகள். கைக்குழந்தையோடு வந்திருக்கும் தாய்மார்கள் முதலில் கேளுங்கள். அவர்கள் நேரத்தோடு வீட்டுக்குப் போகட்டும்.